தீவில் மெதுவாதல்: ஓர் அவசர ஆய்வு

பாயிரம்

மெதுவாக இருக்கக் கற்றுக்கொள்வதற்காக விமானம் ஏறிப் போகும் வழக்கம் நடுத்தர வயதினரிடையே அண்மைக்காலமாகப் பெருகிவருகிறது. இப்பொருள் குறித்துத் தமிழில் இதுவரை ஆய்வு எதுவும் நிகழ்த்தப்பெறவில்லை. (தேடிப் பார்க்கவில்லை. ஆனால் இந்த வாக்கியம் இல்லாமல் தொடங்கினால் நெறியாளர் கையெழுத்துப் போடமாட்டார்.) அக்குறையை நீக்கும் பொருட்டு எழுந்ததே இக்கட்டுரை.

ஆய்வுக்களம் அந்தமான் தீவுகளில் ஒன்றான ஸ்வராஜ் த்வீப். 2018 டிசம்பர் 30 வரை அதற்கு ஹேவ்லாக் என்று பெயர். படகுத்துறையில் இன்றும் அப்படியே கூப்பிடுகிறார்கள். அங்கே கடலோரத்தில் ஒரு ரிட்ரீட். வழிகாட்டி உண்டு, கால அட்டவணை உண்டு, தென்னை உண்டு. ஆய்வுக் காலம் டிசம்பர்.

கருதுகோள் வருமாறு: வழிகாட்டி வைத்துப் பழகும் நிதானம், வழிகாட்டி இல்லாத அவசரத்தைவிட அவசரமானது. கருதுகோள் என்பது ஆய்வு முடிந்தபின் எழுதி, ஆய்வுக்கு முன்னால் ஒட்டப்படுவது என்பதை அறிஞர் அறிவர்.

ஆய்வு எல்லை: கடல் வரை.

ஆதாரங்கள் முதன்மை, துணைமை என இருவகைப்படும். முதன்மை ஆதாரம், அறைக்கதவின் உட்புறம் நிர்வாகம் ஒட்டியிருந்த கால அட்டவணை. துணைமை ஆதாரம், அதன் ஓரத்தில் முன்பு தங்கிய எவரோ பென்சிலால் எழுதிவைத்திருந்தது. பின்னது அச்சிடத் தகுந்ததன்று. எனினும் முன்னதைவிடத் துல்லியமானது.

அட்டவணையிலிருந்து ஒரு பகுதி: காலை 5:45 மௌன எழுச்சி. 6:00 மூச்சு. 6:40 கடலோடு ஒன்றுதல். 7:10 மெதுநடை. 7:40 விழிப்புணர்வுச் சிற்றுண்டி, இருபது நிமிடம். இப்படியே போய், முற்பகல் 11:15 முதல் 11:45 வரை ‘எதுவும் செய்யாதிருத்தல்’. அதன் எதிரே சிறிய எழுத்தில்: தாமதமாக வருவோர் அனுமதிக்கப்படமாட்டார்கள்.

சொற்பிறப்பு: ரிட்ரீட் என்ற சொல்லின் வேர் தமிழே என நிறுவ இயலும். இடம் கருதி விடப்படுகிறது.

இயல் ஒன்று: முன்னோர் ஆய்வுகள்

1986-இல் ரோம் நகரின் ஸ்பானியப் படிக்கட்டுகள் அருகே மெக்டொனால்ட்ஸ் வந்தபோது கார்லோ பெட்ரீனியும் அவரது நண்பர்களும் எதிர்த்தார்கள். மெதுவுணவு இயக்கத்தின் வேர் அதில் இருக்கிறது, சின்னம் நத்தை. இயக்கத்தின் அறிக்கை 1989-இல் பாரிசில் கையெழுத்தாயிற்று. கடைக்கும் மறுப்பறிக்கைக்கும் இடையே மூன்று ஆண்டு சென்றது என்பதைக் குறையாகச் சொல்வோர் கொள்கையைப் புரிந்துகொள்ளாதவர்கள். 1999-இல் மெதுநகரங்களுக்கு என்று இத்தாலியில் ஒரு சங்கமே எழுந்தது. எங்கள் ஊர் நகராட்சியின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரிவு அதில் ஆயுள் உறுப்பினராகத் தகுதியுடையது. 2004-இல் கார்ல் ஓனரே மெதுவாதலைப் புகழ்ந்து ஒரு நூல் வெளியிட்டார். அதை எழுதிக்கொண்டிருந்த காலத்தில் காரை விரட்டி அபராதச் சீட்டு வாங்கியதை அவரே சொல்லியிருக்கிறார். இத்துறையில் நேர்மையான ஆய்வாளர் இவர் ஒருவர்தான்.

நம் மரபில் இதற்குச் சான்று உண்டா? உண்டு. எதற்கும் உண்டு. ஐந்து உரிப்பொருள்களில் நெய்தலுக்கு உரியது இரங்கல். கடற்கரையில் உட்கார்ந்து ஏங்கிக்கொண்டிருப்பதை ஒரு முழுநேர வேலையாக ஒப்புக்கொண்ட முதல் இலக்கணம் நம்முடையதே. ஆகவே தொல்காப்பியர் காலத்திலேயே தீவு ரிட்ரீட் இருந்தது என்பது நிறுவப்படுகிறது. தொல்காப்பியர் காலம் எது என்று குறுக்கே கேட்போர், முதலில் தங்களுக்குள் பேசி ஓர் ஆயிரம் ஆண்டுக்குள்ளாவது ஒத்துவரட்டும்.

இயல் இரண்டு: போக்கு

சென்னையிலிருந்து ஸ்ரீ விஜயபுரத்துக்கு, அதாவது 2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேராக இருந்த ஊருக்கு, இரண்டு வழி. விமானத்தில் இரண்டு மணி நேரச் சொச்சம். கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள்.

கப்பலில் பங்க் வகுப்பு என்று ஒன்று உண்டு. ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்கை. கரை மறைந்த சிறிது நேரத்தில் கைபேசியின் கோடுகள் மறையும். பார்க்கக் கடல், அதைப் பார்த்து முடித்தால் மறுபடியும் கடல். சாப்பாட்டு வேளைக்கு வரிசை. மேல்படுக்கைக்காரர் தன் மகள் கல்யாணக் கதையை நிச்சயதார்த்தம் தொடங்கிச் சீர்வரிசை வரை சொல்லி முடித்து, விட்டுப்போனதைச் சேர்த்து இரண்டாம் பதிப்பும் வெளியிட அவகாசம் உண்டு. ரிட்ரீட்டின் பயன்கள் என விளம்பரத் தாள் அடுக்கிய மௌனம், தொடர்பின்மை, பிறர் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்டல் ஆகிய அனைத்தும் இங்கே பயணச்சீட்டுக்குள் அடக்கம். ஆயினும் என்னோடு கூடியிருந்த குழுவில் ஒருவரும் கப்பலில் வரவில்லை. மெதுவாவதற்கு விடுப்பு போதாது என்று விமானத்தில் வந்திருந்தார்கள்.

தனிமை, மௌனம், வெளியுலகத் தொடர்பின்மை ஆகிய மூன்றையும் சேர்த்து இதே தீவுக்கூட்டத்தில் முன்பு அளித்துவந்த நிறுவனம் பிரிட்டிஷ் அரசு. 1906-இல் கட்டி முடித்த சிறைக்கூடம், 693 தனி அறைகள். கட்டணம் வாங்கியதில்லை.

அடுத்த இயலுக்குப் போவோம்.

இயல் மூன்று: மணி

இது கட்டுரையின் முதுகெலும்பு. கணக்குப் பிடிக்காதவர்கள் ஐந்தாம் இயலுக்குத் தாவலாம்.

இந்தியா முழுமைக்கும் ஒரே மணி. அது 82.5 பாகைக் கிழக்கு நெடுங்கோட்டில், மிர்சாபூர்ப் பக்கத்துச் சூரியனைப் பார்த்து வைத்தது. அந்தமானோ 92, 93 பாகையில் கிடக்கிறது. பாகைக்கு 4 நிமிடம் வீதம், தீவின் சூரியன் தீவின் கடிகாரத்தைவிட 40 நிமிடம் முந்தி ஓடுகிறது. சென்னை 80 பாகைச் சொச்சம். அங்கே சூரியன் கடிகாரத்துக்கு 9 நிமிடம் பின்தங்கி வரும். முன்பு மதராஸ் மணி என்று தனியாக ஒன்று இருந்து அந்த 9 நிமிடத்தைக் கௌரவமாகக் காப்பாற்றிவந்தது. 1906-இல் இந்தியப் பொதுமணி வந்து அதை விழுங்கிற்று. சிறைக்கூடம் முடிந்ததும் 1906, பொதுமணி வந்ததும் 1906. இது தற்செயல் என்று நம்ப ஆய்வுலகம் ஆயத்தமாக இல்லை.

இரண்டையும் கூட்டினால், சென்னைக்காரர் ஒருவர் இத்தீவில் கால் வைக்கும்போதே சூரியனுக்கு ஏறக்குறைய ஐம்பது நிமிடம் கடன்பட்டவராகிறார். மெதுவாகக் கற்க வந்தவர் முதலில் ஐம்பது நிமிடம் விரைந்தால்தான் தொடக்கக் கோட்டுக்கே வரமுடியும். இதனை முந்துகடன் கோட்பாடு என்க. இதற்கு மாறாக, அந்த ஐம்பது நிமிடமும் வந்தவருக்கு வரவே, செலவன்று என்பார் ஒருசாரார் (படகுத்துறை டீக்கடைக்காரர், வாய்மொழி, முதல் கொதி). அவரே பின்னர், சூரியனாவது மணியாவது, படகு வந்தால் மணி, வராவிட்டால் மணி இல்லை என்று தம் கருத்தை மாற்றிக்கொண்டார் (மேலது, இரண்டாம் கொதி). ஓர் அறிஞர் தம் முந்தைய நிலைப்பாட்டை உயிரோடு இருக்கும்போதே மாற்றிக்கொண்டது இத்துறை வரலாற்றில் அரிய நிகழ்வு.

கடல் இன்னொரு மணியில் ஓடுகிறது. நிலவின் போக்கால் கடலேற்றம் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். சென்னைக்காரரின் கடனும் 50; கடலின் தாமதமும் 50. இந்த ஒற்றுமையை மட்டும் வைத்து நானூறு பக்கத்துக்கு ஆய்வேடு எழுதலாம். எழுதிவிடுவார்கள்.

அட்டவணைக்கு இந்த விவரம் எட்டவில்லை. 6:40-க்குக் ‘கடலோடு ஒன்றுதல்’. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எல்லோரும் கரைக்குப் போனோம். கடல் இல்லை. தீவின் கிழக்குக் கரையில் நீர் வற்றும்போது வெகுதூரம் உள்வாங்கிவிடும். பாறையும் சேறும் செத்த பவளமுமாகத் தரை கிடக்கும். படகுகள் ஒருக்களித்துப் படுத்திருக்கும். வழிகாட்டி சற்றே திகைத்து, இன்று கடலின் இன்மையோடு ஒன்றுவோம் என்றார். ஒன்றினோம். ஒரு பெரியவர் கவிழ்ந்த படகின் நிழலில் வலை பின்னிக்கொண்டிருந்தார். கடல் எங்கே என்று கேட்டேன். “பானி ஆயேகா” என்றார். எப்போது என்றேன். “ஆயேகா” என்றார் (வலைக்காரர், கருத்துரை, மேலது, தலை நிமிராமல்).

இயல் நான்கு

இவ்வியலைக் கறையான் அரித்துவிட்டது. அரித்ததிலேயே இதன் சிறப்பு விளங்கும்.

இயல் ஐந்து: மெதுநடை

கடற்கரை மரங்களின் கீழே, ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரம் வரை கயிறு கட்டியிருந்தார்கள். அந்தக் கயிற்றோரமாக நடக்கவேண்டும். குதிகால் மண்ணைத் தொடுவதை உணரவேண்டும், பிறகு பாதம், பிறகு விரல். உணர்ந்து முடித்தபின் மற்றக் காலுக்கு அனுமதி. கூட்டத்தில் மாம்பலத்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவரும் அவர் மனைவியும், பெங்களூரு மென்பொருள் தம்பதி இரண்டு ஜோடி, தனியாக வந்த பல் மருத்துவர் ஒருவர், அடியேன்.

இதற்கு இலக்கணம் எங்கும் அகப்படவில்லை. நூற்பா கிடைக்காத இடத்தில் ஆய்வாளனே ஒன்று இயற்றி, ஏடு ஒன்றில் கண்டதாகச் சொல்வது தொன்றுதொட்ட வழக்கம். ஆகவே, ஏடு ஒன்றில் கண்டது:

மெதுநடை என்பது நடவா தாகும்
முந்தினர் பிந்தினர் பிந்தினர் முந்தினர்
காசுகொடுத் தோர்க்கே காலுரித் தென்ப.

இதன் பொருள்: மெதுநடையாவது நடக்காமலிருப்பது, அதில் முன்னே போனவர் பின்தங்கியவராகவும், பின்தங்கியவர் முன்னேறியவராகவும் கொள்ளப்படுவர், கட்டணம் செலுத்தினோருக்கே அவரவர் கால் உரியது. ‘என்ப’ என்றதனால் இக்கருத்து வேறு யாரோ சொன்னது என்பது பெறப்படும். யார் என்று கேட்பது மரபன்று. இன்னோர் உரைகாரர் ‘கால் உரித்து’ என்பதற்குச் சுடுமணலில் பாதத்தின் தோல் உரிந்தது என்று பொருள் கொள்வார். உச்சிவேளை மெதுநடையை நேரில் கண்டவர்கள் இரண்டாம் உரையையே ஏற்பர். நச்சினார்க்கினியர் முல்லைப்பாட்டுக்குச் செய்ததுபோல எங்கோ கிடக்கும் சொல்லை இழுத்துவந்து எங்கோ மாட்டினால் மூன்றாவது உரையும் கிடைக்கும். ஆனால் அவருக்குச் சங்கப்பாட்டு கையிலிருந்தது; எனக்கு மூன்றடிதான்.

இனிக் களத்துக்கு வருவோம். தொடங்கிய சிறிது நேரத்திலேயே எல்லோருக்கும் ஓர் உண்மை புலப்பட்டுவிட்டது: முன்னால் போகிறவர் ஞானம் குறைந்தவர். அதன்பின் நடந்ததை நடை என்று சொல்வதற்கில்லை. ஒவ்வொருவரும் மற்றவரை முன்னே விடுவதற்குப் பாடுபட்டார்கள். மென்பொருள்காரர் ஒருவர் தூக்கிய காலை இறக்காமல் நாரைபோல் நின்று பக்கத்து ஜோடியை நோட்டம்விட்டார். பல் மருத்துவருக்கு வானத்தில் ஒரு பறவை தென்பட்டது. அதைப் பார்க்க நிற்கவேண்டியதாயிற்று. பறவை போனபிறகும் வெகுநேரம் பார்த்தார். இது பறவை நிமித்தப் பிந்தல் எனப்படும். வெறுங்காலில் வந்தவர் ஒருவர் செருப்புவாரைச் சரிசெய்யக் குனிந்தார். இதற்கு வகைப்பெயர் சூட்டக் குழு அமைக்கவேண்டும். மாம்பலம் தம்பதியின் உரையாடல் மட்டும் களக்குறிப்பில் முழுமையாகப் பதிவாகியுள்ளது.

“என்னங்க, என்ன அவசரம் உங்களுக்கு? எல்லாருக்கும் முன்னால போய் நிக்கிறீங்களே.”

“நான் எங்க போனேன்? நின்ன எடத்துலதான் நிக்கிறேன். அவங்கதான் பின்னால போறாங்க.”

அவர் சொன்னது உண்மை. இரண்டாம் மென்பொருள் ஜோடி, யாரும் பார்க்காத நேரத்தில், விரலில் தொடங்கிக் குதிகாலில் முடித்து, பின்பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது.

இந்தக் கலையின் தோற்றுவாயை மேற்கத்திய அறிஞர்கள் ஜப்பானிலும் பர்மாவிலும் தேடுகிறார்கள். வீண் அலைச்சல். தமிழ்நாட்டில் பொங்கல் விளையாட்டு விழா நடந்த எந்த ஊரிலும் இதன் மூலம் உண்டு. அதன் பெயர் ஸ்லோ சைக்கிள் ரேஸ். சுண்ணாம்புக் கோட்டுக்கு இடையே சைக்கிளை விடவேண்டும், கால் தரையில் படக்கூடாது, கோட்டைத் தாண்டக்கூடாது, கடைசியில் வருகிறவருக்குப் பரிசு. கோயில் வாசலிலிருந்து டீக்கடை வரையிலான தூரத்தைக் கடக்கப் பையன்கள் யுகம் யுகமாக எடுத்துக்கொள்வார்கள். ஹேண்டில்பார் நடுங்கும், தொடை நடுங்கும், நெற்றியில் வியர்வை கோக்கும். மூச்சைக் கவனி என்று யாரும் சொல்லவேண்டியதில்லை, மூச்சே விடமாட்டான். பரிசு எவர்சில்வர் தட்டு, தலைவர் கையால்.

இவ்விரண்டில் எது மூலம், எது வழிநூல்? மெதுநடையிலிருந்தே மெதுசைக்கிள் வந்தது என்பது நடைமுதல்வாதம். சைக்கிளைத் திருடு கொடுத்தவன் நடந்ததால் மெதுநடை பிறந்தது என்பது சைக்கிள்முதல்வாதம். பின்னதற்கே ஆவணச் சான்று வலுவாக உள்ளது (பொங்கல் விழா ஒலிபெருக்கி அறிவிப்பு, ‘மைக் டெஸ்டிங்’ எனத் தொடங்கும் படி, இடையில் கரண்ட் போனதால் ஒரு பகுதி சிதைந்தது, சிதைந்த பகுதியே இங்கு மேற்கோளாகிறது). இதை மறுப்பவர்கள், அதே அறிவிப்பின் இறுதியில் வரும் ‘சிவப்புச் சட்டை போட்ட தம்பி கால ஊனிட்டாரு’ என்ற தொடரை இடைச்செருகல் என்பர் (மேலது, மேலதற்கு மேலது, அதற்கும் மேலே ஆலமரத்தில் கட்டியிருந்த இரண்டாம் குழாய், எதிரொலிப் பாடம்). எதிரொலிப் பாடத்தில் ‘ஊனிட்டாரு’ இரண்டு தடவை வருவதால் இரண்டு தம்பிகள் இருந்திருக்கவேண்டும் என்றும், ஒருவர் முந்தைய நூற்றாண்டைச் சேர்ந்தவர் என்றும் ஒரு கட்சி உண்டு. ஒரே பெயரில் எத்தனை ஔவையார் என்று எண்ணிப் பழகிய நமக்கு இது புதிதன்று.

வேறுபாடு ஒன்றே. சைக்கிள் பந்தயத்தில் இது பந்தயம் என்று எல்லோருக்கும் தெரியும்.

மணி அடித்தது. கயிற்றின் மறுமுனையை யாரும் தொட்டிருக்கவில்லை. சிற்றுண்டிக்கு இருபதே நிமிடம் என்பது நினைவுக்கு வர, அதுவரை நடந்த தூரத்தை எல்லோரும் நாலே எட்டில் தாண்டிச் சாப்பாட்டுக் கூடத்துக்கு ஓடினார்கள். பல் மருத்துவர் முதலாவது.

இயல் ஆறு: திராட்சை

மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜோன் கபாட்-ஸின் 1979-இல் தொடங்கிய மனவழுத்தத் தணிப்புப் பயிற்சியில் உலர்ந்த திராட்சை ஒன்றுக்குப் பெரிய இடம் உண்டு. பார்க்கவேண்டும், தடவவேண்டும், முகரவேண்டும், காதருகே வைத்துக் கேட்கவேண்டும், கடைசியில் தின்னவேண்டும். நோவு தீராதவர்களுக்கு அது உதவியிருக்கிறது. அதில் எனக்குக் கேலி இல்லை. இங்கே தட்டில் ஆளுக்கு ஒன்று வைத்தார்கள். என் திராட்சை காதில் எதுவும் சொல்லவில்லை. மாம்பலத்து அம்மாள், “இதையே நெய்யில வறுத்துக் குடுத்திருக்கலாம்” என்றார். துறையில் இதுவே இறுதிச் சொல்.

இயல் ஏழு: உயிரினச் சான்று

ஆவுளியா என்னும் கடற்பசு இத்தீவுகளின் அடையாள விலங்கு. கடற்புல் மேயும், மூச்சுவிட மேலே வரும், யாரிடமும் சான்றிதழ் வாங்கியதில்லை.

கரையில் பார்க்கக் கிடைப்பது, பிறர் விட்டுப்போன கிளிஞ்சலுக்குள் குடியிருக்கும் நண்டு. உடம்பு வளர வளர அதற்குப் பெரிய வீடு வேண்டும். பெரிய கிளிஞ்சல் ஒன்று கரையில் ஒதுங்கினால் நண்டுகள் கூடி, பெரிதிலிருந்து சிறிதாக அளவுவாரியாக வரிசை கட்டி நிற்கும். முதல் நண்டு புதுவீட்டுக்குள் போனதும் அதன் பழைய வீட்டில் அடுத்தது, அதன் பழையதில் அதற்கடுத்தது. கண்ணெதிரே நடப்பது இது. அவ்வளவு நேரமும் அசையாமல் காத்துக் கிடக்கும். ஆங்கிலேயர் இதற்குத் துறவியின் பெயரை வைத்தார்கள். தமிழ்த்துறையில் பேராசிரியர் ஒருவர் ஓய்வுபெறும் மாதத்தில் அவர் அறைக்கு வெளியே நின்று பார்த்தவர்கள் வேறு பெயர் வைத்திருப்பார்கள்.

இக்கரையிலிருந்து கிளிஞ்சல் பொறுக்கிப் போவது குற்றம். நண்டுக்கு வீடு இல்லாமல் போகும்.

இயல் எட்டு: பூட்டிய பெட்டி

ஒருகாலத்தில் இத்தீவில் இணையம் கிடைக்காது, அதுவே தவமாயிருந்தது. 2020 ஆகஸ்ட் 10-இல் சென்னையிலிருந்து கடலடியில் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர்க் கண்ணாடி இழை வடம் வந்து சேர்ந்தது. அதன் ஒரு கிளை ஸ்வராஜ் த்வீப்புக்கும் உண்டு. மருத்துவமனைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அது தேவை, வந்தது நல்லது. ரிட்ரீட்டுக்குத்தான் நட்டம். ஆகவே வரவேற்பறையில் ஒரு மரப்பெட்டி. கைபேசிகளை அதில் போட்டுப் பூட்டிச் சாவியை வழிகாட்டி வைத்துக்கொள்வார். கைக்கடிகாரத்தைப் பற்றி விதியில் ஒன்றுமில்லை. ‘எதுவும் செய்யாதிருத்தல்’ உச்சத்தில் இருந்தபோது மென்பொருள்காரர் ஒருவரின் கடிகாரம் அதிர்ந்தது. நெடுநேரம் உட்கார்ந்திருக்கிறீர்கள், எழுந்து நடங்கள் என்றது. அவர் எழுந்து நடந்தார். அட்டவணைக்கும் கடிகாரத்துக்கும் முரண் வந்தால் கடிகாரமே வெல்லும் என்பது இதனால் பெறப்பட்டது.

இயல் ஒன்பது: வழிகாட்டி

ரிட்ரீட்டில் ஓடிக்கொண்டேயிருந்தவர் ஒருவர் உண்டு என்றால் அவர் வழிகாட்டிதான். மெதுவாக மூச்சுவிடச் சொல்லிவிட்டு, நாங்கள் கண்ணை மூடியதும் சமையலறைக்கு ஓடி இட்லி வெந்ததா என்று பார்ப்பார். நாங்கள் கண்ணைத் திறப்பதற்குள் திரும்பிவந்து புன்னகையோடு அமர்ந்திருப்பார். ஒரு கண்ணை மட்டும் மூடியதால் கிடைத்த தரவு இது. நின்றபடி சாப்பிட்டார். படகுச்சீட்டு, துவைத்த துண்டு, தண்ணீர் லாரி, பல் மருத்துவருக்கு ஒவ்வாத நிலக்கடலை எல்லாம் அவர் தலையில். எட்டுப் பேர் மெதுவாவதற்கு ஒருவர் எவ்வளவு விரையவேண்டும் என்ற விகிதத்தை யாராவது கணக்கிட்டால் நல்லது. அந்த அம்மாளுக்கு விடுப்பு கொடுத்தால் இன்னும் நல்லது.

இறுதித் தேர்வு அட்டவணையில் இல்லாமல் நடந்தது. திரும்பவேண்டிய நாளில் காற்று கூடி, படகு ரத்து. படகுத்துறையில் கூட்டம். மெதுநடை, திராட்சை, இன்மையோடு ஒன்றுதல் அனைத்திலும் தேறிய எங்கள் குழு, சீட்டு ஜன்னலை முற்றுகையிட்டது. விமானத்தைத் தவறவிட்டால் யார் பொறுப்பு என்று பல் மருத்துவர் கேட்டார். மேலதிகாரி யார் என்று வங்கி அதிகாரி கேட்டார். உள்ளே இருந்தவர் சொன்ன ஒரே பதில், காற்று. காற்றின் மேலதிகாரி யார் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

பக்கத்தில் வாழைத்தார், பாக்கு மூட்டையோடு வந்திருந்த தீவுப் பெண்கள் மூட்டையை அடுக்கி அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி வெற்றிலை மடித்தாள். ஒருத்தி பிள்ளைக்குத் தலைவாரினாள். படகு என்று போகும் என்று கேட்டேன். “கல் ஜாயேகா. நஹீ(ந்) தோ பர்ஸோ(ந்)” என்றாள் வெற்றிலைக்காரி: நாளைக்கு, இல்லாவிட்டால் நாளை மறுநாள் (வெற்றிலைக்காரி, பெருநூல், படகு ரத்துப் படலம், பாக்கு மூட்டைப் பதிப்பு, சுண்ணாம்பு தடவுவதற்கு முற்பட்ட பாடம், தடவிய பின் வந்த பாடத்தில் ‘நாளைக்கு’ என்ற சொல் இல்லை, இரண்டையும் ஒப்பிட்டுச் செம்பதிப்புக் காண முயன்றபோது அவள் தள்ளி உட்காரச் சொன்னாள்). அவளுக்கு வழிகாட்டி இல்லை. விற்றால்தான் காசு, ஒரு நாள் தள்ளினால் தாரில் கால்வாசி கறுத்துப்போகும். அவளும் நிதானமாக இருக்க விரும்பி உட்காரவில்லை, படகு இல்லாததால் உட்கார்ந்தாள். இதை அமைதி என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்ட மென்பொருள்காரரின் குறிப்பு திருத்தப்படவேண்டும்.

மேலாய்வும் வேண்டுகோளும்

இக்கட்டுரை ஐஎஸ்பிஎன் எண்ணுள்ள பன்னாட்டுக் கருத்தரங்கத் தொகுப்பு ஒன்றில் வரவிருக்கிறது. பன்னாடு என்பதற்குச் சான்றாக அழைப்பிதழில் மலேசியப் பேராசிரியர் ஒருவர் பெயர் இருக்கிறது. பங்கேற்புக் கட்டணம் செலுத்தியாயிற்று, மதிய உணவு உட்பட. கட்டுரையை இதுவரை யாரும் படிக்கவில்லை. ஏற்பு மட்டும் வந்துவிட்டது, அதுவும் அனுப்பிய அன்றே. மெதுவாதல் பற்றிய ஆய்வுக்கு இவ்வளவு வேகம் ஆகாது என்று தெரிவித்திருக்கிறேன்.

ரிட்ரீட் நடத்துவோருக்கு ஒன்று சொல்லவேண்டும். உங்கள் அட்டவணையில் மேற்குக் கரைக்கு அழைத்துப்போய் நடத்தும் ‘சூரிய அஸ்தமன தியானம்’ மாலை 6:00 மணிக்கு என்று இருக்கிறது. வேறு ஏதோ ஊர் அட்டவணையைப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள் போலும். டிசம்பரில் இங்கே சூரியன் ஐந்து மணி வாக்கிலேயே போய்விடுகிறது. நாங்கள் டார்ச் அடித்துக்கொண்டு தேடினோம். தயவுசெய்து மாற்றி எழுதி ஒட்டவும்.